பூட்டிய எழுத்துருவும் ஈபப் 3.3-உம்: ஒரு பழைய தமிழ் மின்னூலைச் செப்பனிட்ட பதிவு

நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்பு, பத்தாண்டுகளுக்கு மேலாக ஓர் அறக்கட்டளை நூலகத்தின் மின்சேமிப்பில், மின்னூல்களுக்கான ஈபப் தரநிலையின் 2.0.1 வடிவில் இருந்து வந்தது. புதிய வாசிப்புச் செயலிகள் சிலவற்றில் அது திறக்கவே மறுத்தது. திறந்த செயலிகளில் உரைநடை சரியாகத் தெரிந்தாலும், கட்டுரைகளுக்கு நடுவே மேற்கோளாக வரும் செய்யுள்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் சிதறிக் கிடந்தன. இந்த நூலை இன்றைய தரநிலையான ஈபப் 3.3-க்குக் கொண்டுவருவதும், பார்வையற்ற வாசகர், எழுத்தைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பானின் துணையோடு முதலிலிருந்து இறுதிவரை படிக்கும்படி ஒழுங்குசெய்வதும் என்னிடம் தரப்பட்ட வேலை.

அச்சுப் படியை மீண்டும் வருடி, எழுத்துணர்ந்து, மெய்ப்புப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் பழைய கோப்பின் உரைநடையை யாரோ மிகுந்த கவனத்தோடு மெய்ப்புப் பார்த்திருந்தார்கள். அந்த உழைப்பை வீணாக்க மனம் வரவில்லை. அதனால் கோப்பைப் பிரித்து, உள்ளிருப்பதை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு, மறுபடி கட்டுவது என்று முடிவுசெய்தேன். இதற்குக் கருவிகள் அதிகம் தேவைப்படவில்லை: ஜிப் கோப்பைப் பிரிக்கும் கட்டளை, ஓர் உரைத்தொகுப்பி, சிறிய நிரல்களுக்குப் பைத்தான் மொழி, கோப்பு தரநிலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஈபப்செக், அணுகல்தன்மையைச் சோதிக்கும் டெய்சி கூட்டமைப்பின் ஏஸ், பார்த்துச் சரிகாண இரண்டு மூன்று வாசிப்புச் செயலிகள். அனைத்தும் காசில்லாமல் கிடைப்பவை. அவை பின்பற்றும் விதிகளும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டவை. இந்தக் கோப்பை முதலில் உருவாக்கிய நிறுவனம் இன்று தொடர்பில் இல்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இதைச் சரிசெய்ய முடிந்ததற்கு அந்தத் திறந்த விதிகளே காரணம்.

உறையும் முதல் இருபது எழுத்துகளும்

ஈபப் என்பது அடிப்படையில் ஒரு ஜிப் உறை. அதற்குள் இணையப் பக்கங்களைப் போன்ற எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளும், படங்களும், எழுத்துருக்களும், அவை அனைத்தையும் பட்டியலிட்டு வரிசை சொல்லும் ஓபிஎஃப் என்னும் தொகுப்புக் கோப்பும் இருக்கும். உறையின் முதல் உறுப்பாக ‘மைம்டைப்’ என்ற சிறு கோப்பு இருந்தாக வேண்டும். அது சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். அதற்குள் இந்தக் கோப்பு ஈபப் என்று அறிவிக்கும் 20 எழுத்துகளைத் தவிர ஒரு வரிமுறிவுகூட இருக்கக் கூடாது. ஜிப் உறையில் ஒவ்வோர் உறுப்புக்கும் முன்னால் 30 பைட் நீளமுள்ள தலைப்பகுதி வரும், அதன்பின் 8 எழுத்துக் கோப்புப் பெயர் வரும். எனவே முதல் 38 பைட்டுகளை அடுத்து அந்த 20 எழுத்துகளும் அப்படியே நிற்கும். உறையைப் பிரிக்காமலே, முதல் சில பைட்டுகளைப் பார்த்து இது மின்னூல் என்று எந்த நிரலும் அறிந்துகொள்வதற்காக இப்படி வகுத்திருக்கிறார்கள்.

நம் கோப்பை இடையில் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு, கணினியின் கோப்பு மேலாளரிலேயே மறுபடி சுருக்கி வைத்திருந்தார்கள். அதனால் மைம்டைப் கோப்பு அகரவரிசையில் கடைசிக்குப் போயிருந்தது. கண்டிப்பான செயலிகள் திறக்க மறுத்ததற்கும் ஈபப்செக் பிகேஜி-006 என்ற பிழையைக் காட்டியதற்கும் காரணம் இதுதான். கட்டளை வரியில் முதலில் மைம்டைப் கோப்பை மட்டும், சுருக்கம் சுழியம் என்றும் கூடுதல் புலங்கள் வேண்டாம் என்றும் சொல்லி உறையில் இட்டேன். பிறகு மற்றவற்றை வழக்கம்போல் சுருக்கிச் சேர்த்தேன். இந்த ஒரு திருத்தத்திலேயே கோப்பு எல்லாச் செயலிகளிலும் திறக்கத் தொடங்கியது. பழைய ஈபப் திறக்கவில்லை என்று எவராவது கேட்டால், முதலில் இந்த இடத்தைப் பார்க்கச் சொல்வேன்.

உறைக்குள் இருக்கும் வழிகாட்டிக் கோப்பு, ஓபிஎஃப் எங்கே இருக்கிறது என்று சுட்டும்போது அதன் ஊடக வகையை ‘ஓஇபிபிஎஸ்’ என்ற எழுத்துகளோடு குறிக்கிறது. 1999இல் வெளிவந்த ஓப்பன் ஈபுக் பப்ளிகேஷன் ஸ்ட்ரக்சர் என்ற முதல் தரநிலையின் தலைப்பெழுத்துகள் அவை. அந்தத் தரநிலையின் வழித்தோன்றலாக, மின்னூல் தரநிலைகளை வகுத்த ஐடிபிஎஃப் அமைப்பு 2007இல் ஈபப் 2.0-ஐயும், 2010இல் 2.0.1-ஐயும், 2011இல் 3.0-ஐயும் வெளியிட்டது. 2017 தொடக்கத்தில் ஐடிபிஎஃப், வையவிரிவு வலையின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியோடு இணைந்தது. 2023 மே 25 அன்று ஈபப் 3.3, டபிள்யூ3சியின் முழுமையான பரிந்துரையாக வெளிவந்தது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் 1999ஆம் ஆண்டின் அந்த எழுத்துகளை எவரும் மாற்றவில்லை. மாற்றினால் அன்றுவரை உருவான ஒவ்வொரு செயலியும் தடுமாறும் என்பதால், அப்படியே விட்டுவைத்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

இதே காரணத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஈபப் 3.3 நூலின் தொகுப்புக் கோப்பில் பதிப்பு எண் 3.0 என்றுதான் எழுத வேண்டும், 3.3 என்று எழுதினால் பிழை. 2017இல் வந்த 3.1 பதிப்பு, எண்ணையும் 3.1 என்று மாற்றி, தேவையற்றவை என்று கருதிய சில பழைய கூறுகளையும் நீக்கிப் பார்த்தது. பதிப்பகங்களோ செயலிகளோ அதன் பின்னால் வரவில்லை. 2019இல் 3.2 பதிப்பு, பழைய எண்ணுக்கே திரும்பி, 3.0 நூல்கள் அனைத்தும் தொடர்ந்து செல்லும்படி அமைத்தது, 3.3-உம் அந்த வழியிலேயே நடக்கிறது. தரநிலையைப் பராமரிப்பவர்கள் தாங்கள் விரும்பிய தூய்மையை விட்டுக்கொடுத்து, ஏற்கெனவே வாசகர் கையில் இருக்கும் நூல்களைக் காப்பாற்றினார்கள். நான் செப்பனிட்டது அப்படிப்பட்ட ஒரு நூல் என்பதால், இதை நன்றியோடு எழுதுகிறேன்.

எழுத்துருவைத் திறத்தல்

இந்த வேலையில் அதிக நேரம் பிடித்ததும், எனக்கு அதிகம் கற்றுத் தந்ததும் செய்யுள்களின் சிதைவுதான். உரைநடை யூனிக்கோடில் இருந்தது. ஆனால் செய்யுள் பகுதிகளில், யூனிக்கோடுக்கு முந்தைய எட்டு பிட் எழுத்துரு ஒன்றுக்காகத் தட்டச்சு செய்யப்பட்டவற்றை அப்படியே ஒட்டி, அந்த எழுத்துருவையும் நூலுக்குள் பொதித்திருந்தார்கள். அத்தகைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவம் அமர்ந்திருக்கும். எழுத்துரு வேலைசெய்தால் தமிழ் தெரியும்; வேலைசெய்யாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறிகள் வெளிவந்துவிடும். நம் நூலில் எழுத்துருக் கோப்பு உறைக்குள்ளேயே இருந்தது. ஆயினும் எந்தச் செயலியும் அதை ஏற்கவில்லை.

எழுத்துருக் கோப்பின் தொடக்கத்தைப் பதினறும எண்களாக விரித்துப் பார்த்தேன். ட்ரூடைப் எழுத்துரு என்றால் முதல் நான்கு பைட்டுகள் 00, 01, 00, 00 என்று இருக்க வேண்டும். இங்கே வேறு ஏதோ எண்கள் இருந்தன. வழிகாட்டிக் கோப்பு இருக்கும் கோப்புறையில் குறியாக்கம் பற்றிச் சொல்லும் கோப்பு, இந்த எழுத்துருவுக்கு ஐடிபிஎஃப் மறைப்பு முறை கையாளப்பட்டிருப்பதாகத் தெரிவித்தது. அந்த முறை தரநிலையிலேயே முழுமையாக விளக்கப்பட்டிருக்கிறது. நூலின் தனித்த அடையாளத்தை எடுத்து, அதில் உள்ள வெற்றிடங்களை நீக்கி, எஸ்எச்ஏ-1 என்ற கணிப்பு முறையில் 20 பைட் திறவு ஒன்றைப் பெற வேண்டும். எழுத்துருக் கோப்பின் முதல் 1040 பைட்டுகளை அந்தத் திறவோடு மீண்டும் மீண்டும் எக்ஸ்ஆர் (இரு பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒத்தால் 0 என்னும் கணக்கு) செய்ய வேண்டும். 20 பைட் திறவு சரியாக 52 முறை சுற்றி வரும். எக்ஸ்ஆர் செய்ததை அதே திறவால் மறுபடி எக்ஸ்ஆர் செய்தால் பழைய பைட்டுகள் திரும்பிவிடும் என்பதால், மறைப்பதும் திறப்பதும் ஒரே செயல்தான். உறையிலிருந்து எழுத்துருவைத் தனியே எடுத்து எவரும் வேறிடத்தில் பயன்படுத்துவதைச் சிறிது கடினமாக்குவதே இதன் நோக்கம். இது பாதுகாப்புப் பூட்டு அல்ல என்று தரநிலையும் ஒளிவின்றிச் சொல்கிறது.

தொகுப்புக் கோப்பில் இருந்த அடையாளத்தை எடுத்துத் திறந்து பார்த்தேன், எழுத்துரு திறக்கவில்லை. விடை ஈபப்செக் அறிக்கையிலேயே இருந்தது. நூற்றுக்கணக்கான பிழைகளுக்கு நடுவே என்சிஎக்ஸ்-001 என்று ஒன்று நின்றது. பொருளடக்கக் கோப்பில் எழுதியிருக்கும் அடையாளமும் தொகுப்புக் கோப்பில் எழுதியிருக்கும் அடையாளமும் பொருந்தவில்லை என்பது அதன் பொருள். ஈபப் 2-இல் பொருளடக்கத்தைத் தாங்குவது என்சிஎக்ஸ் என்ற கோப்பு. பார்வையற்றோருக்கான பேசும் நூல்களுக்காக டெய்சி வகுத்த தரநிலையிலிருந்து வந்தது அது. நூலின் அடையாளத்தை அங்கும் ஒருமுறை எழுத வேண்டும் என்பது அதன் விதி. இடைக்காலத்தில் யாரோ தொகுப்புக் கோப்பில் மட்டும் அடையாளத்தை நீக்கி, ஐஎஸ்பிஎன் எண்ணை எழுதியிருந்தார்கள். என்சிஎக்ஸ் கோப்பில் பழைய அடையாளம் அப்படியே தங்கியிருந்தது. அதை முன்னொட்டோடு சேர்த்து முழுமையாக எடுத்து, திறவை உருவாக்கி, 1040 பைட்டுகளை எக்ஸ்ஆர் செய்தபோது முதல் நான்கு பைட்டுகளும் 00, 01, 00, 00 என்று வந்து நின்றன. செய்யுள்களைத் தமிழில் படிக்க முடிந்தது.

ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதச் சொல்லும் விதி தேவையற்றது என்று வடிவமைப்பாளர்கள் பலரும் சொல்வதுண்டு. எனக்கும் பொதுவாக அதில் உடன்பாடு உண்டு. ஆனால் இந்த நூலில் அந்த இரண்டாவது இடம் இல்லாதிருந்தால், செய்யுள்களை அச்சுப் படியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

பழைய அடையாளத்தையே நூலின் தனித்த அடையாளமாக மீட்டு வைத்தேன். ஐஎஸ்பிஎன் எண்ணை இரண்டாவது அடையாளமாகச் சேர்த்தேன். தரநிலை அதற்கு இடம் தருகிறது. நூலைத் திருத்தி வெளியிடும்போது அடையாளம் மாறக் கூடாது; கடைசியாகத் திருத்திய நேரத்தைக் குறிக்கும் புலமே மாற வேண்டும். அந்தப் புலம் ஈபப் 3-இல் கட்டாயம். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று உலகப் பொது நேரத்தில், ஒரே ஒரு முறை எழுத வேண்டும்.

எட்டு பிட்டிலிருந்து யூனிக்கோடுக்கு

எழுத்துரு திறந்துவிட்டது என்பதற்காகச் செய்யுள்களை அப்படியே விட முடியாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், திரைவாசிப்பான் அதை ஆங்கிலக் குறிகளாகவே வாசிக்கும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டேம், டேப் என்ற எட்டு பிட் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு யூனிக்கோடையும் டேஸ்16 என்ற பதினாறு பிட் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அச்சகங்களில் வழங்கிய எழுத்துருக்களோ பல வகையானவை. திறந்த எழுத்துருவின் உருவப் பட்டியலை அச்சடித்து, எந்த இடத்தில் எந்தத் தமிழ் உருவம் இருக்கிறது என்று அட்டவணை ஒன்றைக் கையால் எழுதினேன்.

அட்டவணைப்படி ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினால் மட்டும் போதாது. பழைய முறையில் எழுத்துகள் கண்ணால் பார்க்கும் வரிசையில் சேமிக்கப்படும்; ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னும் ககரம் பின்னும் வரும். யூனிக்கோடில் ககரம் முதலில், கொம்பு அடுத்து. எனவே கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஐகாரக் குறியையும் அடுத்த மெய்க்குப் பின்னால் நகர்த்த வேண்டும். ‘கொ’ என்பதில் இன்னொரு படி உண்டு. கொம்பு, ககரம், கால் என்று மூன்றாக இருந்ததை நகர்த்தினால் ககரம், கொம்பு, கால் என்று வரும். திரையில் அது ‘கொ’ என்றே தெரியும். யூனிக்கோடிலோ ஒகரக் குறிக்குத் தனியிடம் உண்டு. இரண்டு எழுத்து முறைகளும் சமம் என்று யூனிக்கோடு சொன்னாலும், எல்லாச் செயலிகளின் தேடலும் அந்தச் சமன்பாட்டைப் பின்பற்றுவதில்லை. விசைப்பலகையில் ‘கொன்றை’ என்று தட்டித் தேடுபவருக்குச் செய்யுளில் இருக்கும் கொன்றை அகப்படாமல் போகும். நூல் முழுவதையும் ஒரே எழுத்தின் வேறுவேறு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்க முறையில் ஒருமுறை ஓட்டியபின் இந்தச் சிக்கல் நீங்கியது. பைத்தானில் இதற்கு ஒரு வரி போதும்.

ஔகாரக் குறி அவ்வளவு எளிதாக வசப்படவில்லை. அதன் வலப்பக்க உறுப்பான கொம்புக்கால், பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், பழைய தட்டச்சில் பலர் ளகரத்தையே இட்டார்கள். ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும், ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றும் கோப்பில் கிடந்தன. இந்த வழக்கம் யூனிக்கோடு உரைநடையிலும் பரவியிருந்தது. கண்ணுக்கு வேறுபாடு ஏறக்குறைய தெரியாது. திரைவாசிப்பான் ‘மெ, ள, னம்’ என்று வாசிக்கும்போதுதான் பிழை காதில் விழும். கொம்புக்குப் பின் வரும் ளகரங்களை எல்லாம் மாற்றினால் வெள்ளமும் வெளியும் தெளிவும் கெட்டுவிடும். இந்தச் சொற்களைக் கூர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: உண்மையான ளகரத்தின் மேல் பெரும்பாலும் புள்ளியோ உயிர்க்குறியோ இருக்கும், கொம்புக்காலுக்கு மாற்றாக வந்த ளகரம் வெறுமையாக நின்று, அடுத்து நேராக ஒரு மெய் வரும். கொம்பு, வெறும் ளகரம், அடுத்து மெய் என்ற கோவையை மட்டும் தேடும்படி நிரலை எழுதி, அகப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் தந்தேன். மௌனமும் கௌரவமும் சௌகரியமும் பௌர்ணமியும் வௌவாலும் இந்த வலையில் விழுந்தன. இவற்றில் ஒன்றைக்கூட ஈபப்செக் பிழை என்று சொல்லாது. தரநிலையின் பார்வையில் இரண்டுமே முறையான யூனிக்கோடு. தமிழ் அறிந்தவர்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

செய்யுள்கள் யூனிக்கோடானபின் பழைய எழுத்துருவை நீக்கிவிட்டு, திறந்த உரிமத்தில் கிடைக்கும் யூனிக்கோடு எழுத்துரு ஒன்றை மறைப்பு எதுவும் இல்லாமல் பொதித்தேன். உரிமம் அனுமதிக்கும்போது மறைப்பதற்குத் தேவையே இல்லை.

தொகுப்புக் கோப்பும் பக்கங்களும்

மீதி வடிவ மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர், பதிப்பாசிரியர் என்ற பங்கை ஈபப் 2-இல் பெயரோடு ஒட்டிய பண்பாக எழுதினார்கள். ஈபப் 3-இல் அது தனி வரியாகி, பெயரின் அடையாளத்தைச் சுட்டி நிற்க வேண்டும். இதை மாற்றாமல் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் ஆர்எஸ்சி-005 பிழைகள் குவியும். பக்கங்களில், வரி முறியவிடாத வெற்றிடத்தைக் குறிக்கும் பெயர்க்குறி ஏராளமாக இருந்தது; ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்தும் பெயரும் வரி முறிந்து பிரியாதிருக்க அதை இட்டிருந்தார்கள். பழைய ஆவண வகை அறிவிப்பு நீங்கியதும் அந்தப் பெயர் அறியாத பெயராகி, பக்கமே வாசிக்க முடியாததாகிவிடும். அதற்குப் பதில் அந்த எழுத்தையே நேராக இட்டேன். நூற்றுக்கணக்கில் வந்த பிழைகளுக்கு இப்படி ஏழெட்டு வேர்களே இருந்தன. எனவே அறிக்கையை மேலிருந்து கீழாகத் திருத்திக்கொண்டு போகாமல், ஒரே எண்ணுள்ள பிழைகளைத் தொகுத்து, வேரைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுவதே நல்ல முறை.

பொருளடக்கத்தை நாவ் என்ற புதிய வழிசெலுத்தல் பக்கமாக எழுதினேன். என்சிஎக்ஸ் கோப்பையும் நீக்காமல், அடையாளத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டேன். பழைய கருவி வைத்திருக்கும் வாசகருக்காக அதை உடன் வைப்பதைத் தரநிலை அனுமதிக்கிறது.

அச்சுப் பக்க எண்களைச் சேர்ப்பது என் விருப்பமாக இருந்தது. இந்த ஆசிரியரை மேற்கோள் காட்டும் ஆய்வு மாணவர் அச்சுப் பக்கத்தைத்தான் குறிப்பிடுவார்; வகுப்பில் ஆசிரியர் நாற்பத்திரண்டாம் பக்கம் என்றால், திரைவாசிப்பானோடு அமர்ந்திருக்கும் மாணவரும் அங்கே போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு பக்கம் தொடங்கும் இடத்திலும் ஒரு குறியை இட்டு, நாவ் பக்கத்தில் அவற்றின் பட்டியலையும் தந்தேன். இந்த எண்கள் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றுகின்றன என்பதை, நூலைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் மீத்தரவில் எழுதவும் அணுகல்தன்மைத் தரநிலையில் இடம் உண்டு. தமிழ் அச்சில் பக்க ஈற்றில் ஒரு சொல் எந்த இணைகுறியும் இல்லாமல் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போவது வழக்கம். குறியை அச்சில் உள்ளபடியே சொல்லின் நடுவில் இட்டால் தேடலில் அந்தச் சொல் அகப்படாது, வாசிப்பும் அறுபடும். அதனால் உடைந்த சொல் முழுதும் முடிந்தபின் குறியை இடுவது என்று ஒரே விதியை நூல் முழுவதும் கடைப்பிடித்தேன்.

மொழி பற்றிய திருத்தம் சிறியது, பயன் பெரியது. பழைய கோப்பில் நூலின் மொழி ஆங்கிலம் என்று இருந்தது. கருவியின் இயல்பு அமைப்பை எவரும் மாற்றவில்லை போலும். தொகுப்புக் கோப்பில் அதைத் தமிழ் என்று மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. அந்தப் புலம் நூலைப் பற்றிய செய்தி மட்டுமே. பக்கங்களின் மொழியை ஒவ்வொரு பக்கத்தின் வேர் உறுப்பிலும் தனியே அறிவிக்க வேண்டும். அப்போதுதான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். ஆசிரியர் இடையிடையே தரும் ஆங்கில மேற்கோள்களுக்கு ஆங்கிலம் என்று தனியே குறித்தேன்.

இவ்வளவும் செய்தபின் ஈபப்செக் பிழையில்லை என்று சொன்னது. ஏஸ் கருவி, படங்களுக்கு மாற்றுரை இல்லாத இடங்களையும் அணுகல்தன்மை மீத்தரவு இல்லாததையும் சுட்டியது. நூலை எந்தெந்தப் புலன்களால் படிக்கலாம், என்னென்ன வசதிகள் உள்ளன, ஒளிச்சிமிட்டல் போன்ற தீங்கு உண்டா என்பவற்றை அந்த மீத்தரவில் எழுத வேண்டும். பார்வையற்றோருக்கு நூல்கள் எளிதில் கிடைப்பதற்காக 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. ஆனாலும் தமிழ் மின்னூல்களில் இந்தப் புலங்கள் நிரப்பப்பட்டிருப்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நாட்டுடைமையான நூல்களுக்கு உரிமைச் சிக்கலே இல்லை. அவற்றிலாவது இதை நாம் தவறாமல் செய்ய வேண்டும்.

கருவிகள் இரண்டும் ஒப்புக்கொண்ட நூலை, பார்வையற்ற கல்லூரி விரிவுரையாளரான நண்பரிடம் தந்தேன். முதல் கட்டுரையிலேயே நிறுத்திவிட்டார். அடிக்குறிப்பு எண்கள் உரையோடு ஒட்டி, “சொன்னார் மூன்று” என்று வாசிக்கப்பட்டன; அது அடிக்குறிப்பா, வாக்கியத்தின் பகுதியா என்று அவருக்குத் தெரியவில்லை. குறிப்புக்குப் போனால் படித்துக்கொண்டிருந்த இடத்துக்குத் திரும்பும் வழியும் இல்லை. அடிக்குறிப்புச் சுட்டி, அடிக்குறிப்பு என்ற பங்குகளை உரிய பண்புகளால் அறிவித்து, ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் திரும்பும் இணைப்பைத் தந்தபின் அவர் நூலை முழுதும் படித்தார். குறிப்பும் சுட்டியும் முறையான இணைப்புகளாக இருந்ததால் கருவிகள் குறை சொல்லவில்லை. படிப்பவர் சொன்னால்தான் தெரியும் குறைகள் இருக்கின்றன. வெளியிடும் முன் ஒரு நூலையாவது இப்படி ஒருவரிடம் தந்து பார்ப்பதை எந்தச் சரிபார்ப்புக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாது.

கொம்பு பிரிந்த தலைப்பு

கடைசியாக ஒரு தோற்றக் குறை எஞ்சியது. பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் பழைய வடிவத்தாளில் கட்டுரைத் தலைப்புகளுக்கு எழுத்திடை வெளி கூட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டுரையின் முதல் எழுத்தும் பெரிதாக்கப்பட்டிருந்தது. ஒரு செயலியில் ‘கொ’ என்று தொடங்கும் தலைப்பில் கொம்பும் ககரமும் காலும் மூன்று தனி உருவங்களாக விலகி நின்றன. கட்டுரையின் முதல் எழுத்திலும் மெய் மட்டும் பெரிதாகி, உயிர்க்குறி சிறிதாகவே இருந்தது. வடிவத்தாள் தரநிலையில் குறை இல்லை. எழுத்திடை வெளியையும் முதலெழுத்து அலங்காரத்தையும் எழுத்தின் முழு அலகுக்கே பொருத்த வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. ‘கொ’ தமிழருக்கு ஓர் எழுத்து. செயலி அதைத் துண்டுகளாகப் பார்த்திருக்கிறது.

நூலில் அந்த வரிகளை நீக்கிவிட்டாலே என் வேலை முடிந்துவிடும். ஆனால் அப்படி ஒவ்வொருவரும் அமைதியாக நீக்கிக்கொண்டே போனால், குறை இருப்பது செயலியை உருவாக்குபவர்களுக்கு எப்போதுமே தெரியாது. டபிள்யூ3சியில் ஒரு தரநிலை பரிந்துரையாக வேண்டுமானால், அதன் ஒவ்வொரு கூறும் ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு செயலிகளில் நிறைவேறுகிறது என்று பொதுவாகக் காட்ட வேண்டும். ஈபப் 3.3-க்காக அப்படித் தொகுத்த சோதனை நூல்கள் எவரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு, சில வரிகளே உள்ள நூலாக அமைந்து, எதைக் கண்டால் தேர்ச்சி என்பதைப் பக்கத்திலேயே சொல்கிறது. அந்த முறையைப் பின்பற்றி நானும் ஒரு சிறு ஈபப் கட்டினேன்: ஒரு பக்கம், ஒரு தலைப்பு, ஒரு பத்தி, திறந்த உரிம எழுத்துரு ஒன்று. கொ, கோ, கௌ, கை, க்ஷ என்று தொடங்கும் சொற்களை மட்டும் வைத்து, கொம்பு மெய்யை விட்டு விலகாமல் இருந்தால் தேர்ச்சி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். செயலியின் பொதுப் பிழைப்பதிவில் இதை இணைத்து, எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்ற விவரங்களையும், சரியாகக் காட்டும் வேறொரு செயலியின் திரைப்பிடிப்பையும் சேர்த்தேன். ஒவ்வொரு மொழியின் எழுத்தும் வலையிலும் மின்னூலிலும் எங்கெங்கே சரியாக அமையவில்லை என்பதை டபிள்யூ3சியின் பன்மொழிப் பணி தனித்தனி ஆவணங்களாகத் தொகுத்துவருகிறது. தமிழுக்கும் அப்படி ஓர் ஆவணம் உண்டு. அதே சிறு நூலை அங்கும் தெரிவித்தேன்.

செயலியைப் பராமரிப்பவர்கள் தங்கள் கணினியில் அதைத் திறந்து, குறையை நேரில் கண்டு உறுதிசெய்தார்கள். தமிழில் எந்தெந்தச் சேர்க்கைகள் ஓர் அலகாகும் என்று கேட்டார்கள். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் சேர்த்துப் பட்டியல் அனுப்பினேன். திருத்தம் இன்னும் வெளிவரவில்லை. அதுவரை நூலின் வடிவத்தாளில் அந்த இரண்டு விதிகளையும் குறிப்புரைக்குள் அடைத்து, ஏன் நிறுத்திவைத்திருக்கிறேன் என்பதையும் பிழைப்பதிவின் எண்ணையும் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன். பழைய அடையாளம், எழுத்துரு அட்டவணை, ஔகாரத் திருத்தத்தில் ஒப்புதல் தந்த சொற்பட்டியல் ஆகிய மூன்றும் நூலோடு சேர்த்து அதே மின்சேமிப்பில் வைக்கப்பட்டுள்ளன. இதே நிறுவனம் அதே எழுத்துருவால் கட்டிய வேறு நூல்களும் அந்தச் சேமிப்பில் இருக்கின்றன. அடுத்ததைப் பிரிக்கும்போது முதலில் அதன் என்சிஎக்ஸ் கோப்பைத்தான் பார்ப்பேன்.